ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேச நம்ம ஊர் ‘ங்க’வை எங்கே வைப்பது?

கேள்வி: கோபி பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்து 2 மாதம் ஆகிறது. கிராமர் ஓரளவு வரும். ஆனால் என் மெயில் எல்லாம் அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறார் சீனியர். ப்ளீஸ் போட்டுத்தான் எழுதுகிறேன். ஆபீஸிலும் வெளியிலும் மரியாதையாகப் பேச எந்த ஆங்கில வாக்கியங்களைப் பழக வேண்டும்?

பதில்:

அம்மணி, இதே வார்த்தையை எனக்கும் ஒருவர் சொன்னார், 2006-ல். காங்கேயம் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்த புதிது. வீட்டில் யாரையும் எடுத்தெறிந்து பேசி வளர்ந்தவள் இல்லை நான். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று மனசில் வையுங்கள். உங்களுக்கு மரியாதை தெரியாமல் இல்லை. நம்ம பக்கத்து மரியாதை முக்கால்வாசி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, வார்த்தையின் கடைசியில் வரும் அந்த ‘ங்க’வில். சரிங்க, இல்லீங்க, ஏனுங்க, அப்படீங்களா. அஞ்சு வயசுக் குழந்தையைக்கூட “வாங்க கண்ணு, சாப்பிடுங்க” என்று கூப்பிடுகிற வீடுகள் நம்மிடம் உண்டு. ‘ங்க’ இருந்தால் மீதி வாக்கியம் எவ்வளவு கட்டையாக இருந்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. “இன்னைக்கே அப்ரூவல் அனுப்பிருங்க” என்பது கட்டளைதான். ஆனால் காதில் அப்படி விழாது.

இதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் ‘ங்க’ மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிடும். “செண்ட் அப்ரூவல் டுடே இட்செல்ஃப்” என்று எழுதும்போது நம் மனசில் ‘அனுப்பிருங்க’ இருக்கிறது, படிக்கிறவருக்கோ ‘இன்னைக்கே அனுப்பு’ என்றுதான் கேட்கிறது. முன்னால் ஒரு ப்ளீஸ் ஒட்டினால் ‘தயவுசெய்து அனுப்பு’ ஆகும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆங்கிலத்தின் ‘ங்க’ எங்கே இருக்கிறது? ஒரு காலத்தில் அவர்களிடமும் நீ, நீங்க என்று இரண்டு இருந்தன. ‘தௌ’ என்பது நீ, ‘யூ’ என்பது நீங்க. 17-ஆம் நூற்றாண்டுவாக்கில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிட்டது. பச்சைக் குழந்தைக்கும் ‘யூ’, பிரதமருக்கும் ‘யூ’ என்றாகிவிட்டது. எல்லோரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டால் அந்தச் சொல்லில் தனியாக மரியாதை காட்ட முடியாதல்லவா? இன்றைக்கு அவர்கள் அதைக் காட்டுவது பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால். குட், வுட், மே, மைட் இதெல்லாம்தான் அவர்களுடைய ‘ங்க’. (இந்தக் ‘குட்’ நல்லது என்கிற குட் இல்லை, ‘கேன்’ தணிந்து வருகிற வடிவம்.) கூடவே இன்னொன்றும் செய்வார்கள். சொல்ல வேண்டியதைக் கேள்வியாக மாற்றி, முடிவை எதிராளி கையில் கொடுப்பார்கள்.

“குட் யூ செண்ட் அஸ் தி அப்ரூவல் பை டுமாரோ, ப்ளீஸ்?” இதுதான் ‘அனுப்புங்க’. இன்னும் கொஞ்சம் தணிய வேண்டுமானால் “வுட் இட் பி பாசிபிள் டு ஹேவ் தி அப்ரூவல் பை டுமாரோ?” கூச்சத்தோடு கேட்க வேண்டிய இடமானால் “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் லுக் அட் தி லேப் டிப்ஸ் திஸ் வீக்”. (லேப் டிப் என்பது கலர் சரியா என்று பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் துணித்துண்டு.) கேட்பது இப்போதுதான், ஆனால் ‘வாஸ்’ என்று இறந்தகாலத்தில் எழுதுகிறோம். ‘கேக்கலாமான்னு நெனச்சேன்’ என்று நாமும் சொல்வோமே, அதே இழுப்பு.

அவசரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை சாயப்பட்டறையில் துணியை இறக்கியாக வேண்டும், கலர் அப்ரூவல் இன்னும் வரவில்லை, மேனேஜர் பின்னால் வந்து நிற்கிறார். அப்போது கை தானாக “ஒய் யூ ஹேவ் நாட் அப்ரூவ்ட்?” என்று அடிக்கப் போகும். அங்கேதான் நிறுத்த வேண்டும். அவசரத்தைக் குரலில் காட்டாமல் காரணத்தில் காட்டுங்கள். “ஐ அம் சாரி டு சேஸ் யூ ஆன் திஸ், பட் டையிங் ஹேஸ் டு ஸ்டார்ட் ஆன் மன்டே. குட் வி ஹேவ் யுவர் கமெண்ட்ஸ் பை ஃப்ரைடே?” நாள் இருக்கிறது, காரணம் இருக்கிறது, குற்றம் சாட்டவில்லை. என் அனுபவத்தில் இப்படி எழுதிய மெயிலுக்குத்தான் பதில் சீக்கிரம் வந்திருக்கிறது.

நம்ம ஊர் ஆபீஸ் ஆங்கிலத்தில் புழங்கும் சில சொற்களை வெளிநாட்டு மெயிலில் தவிர்த்துவிடுங்கள். “கைண்ட்லி” என்று நாம் பணிவாக எழுதுவது அங்கே பலருக்கு விறைப்பாகப் படுகிறது. “டூ தி நீட்ஃபுல்” வெள்ளைக்காரன் காலத்துக் கடிதப் பழக்கம், அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம். என்ன செய்ய வேண்டுமோ அதையே சொல்லிவிடுங்கள். “ரிவர்ட்” என்ற சொல்லால் எனக்குக் கஷ்டமே வந்தது. நேவி ப்ளூவில் முதலில் ஒரு லேப் டிப் அனுப்பி, கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறதென்று திருத்தி இரண்டாவது அனுப்பியிருந்தோம். “ப்ளீஸ் ரிவர்ட் ஆன் நேவி” என்று எழுதினேன், ‘பதில் சொல்லுங்க’ என்ற நினைப்பில். அவர்கள் ஊர் வழக்கில் ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. ‘முதல் நேவிக்கே போகணும்கிறீங்களா, ஏன்?’ என்று பையர் (நம்மிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு கம்பெனிக்காரர்) கேட்க, நான் விளங்காமல் வேறு எதையோ எழுத, 2 நாள் வீணாகப் போனது. அன்றிலிருந்து “லெட் மீ நோ” தான். “ப்ளீஸ் லெட் மீ நோ விச் ஒன் யூ ப்ரிஃபர்” என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

போனிலும் ஒரு பொறி இருக்கிறது. நாம் எடுத்தவுடன் “சொல்லுங்க” என்போம், அதில் எவ்வளவு பணிவு! அதையே “டெல் மீ” என்றால் ‘ம், சொல்லு’ என்று அதட்டின மாதிரி ஆகிவிடும். “ஹௌ கேன் ஐ ஹெல்ப்?” என்று சொல்லிப் பழகுங்கள். தெரிந்தவர் என்றால் “குட் டு ஹியர் ஃப்ரம் யூ” போதும். குளிர்காலத்தில் நமக்கு மதியம் ரெண்டரை என்றால் லண்டனில் காலை 9 மணி, கோடையில் நமக்கு ஒன்றரை. நாம் சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரத்தில் அவர் அப்போதுதான் ஆபீஸுக்குள் வருகிறார். எடுத்த எடுப்பில் பிரச்சினையைக் கொட்டாமல் “இஸ் திஸ் எ குட் டைம் டு டாக்?” என்று கேளுங்கள்.

நாம் மரியாதையாகப் பேசுவது பாதிதான். அவர்கள் மரியாதையாகச் சொல்வதைப் புரிந்துகொள்வது மீதிப் பாதி. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு டி-ஷர்ட் ஃபிட் சாம்பிளுக்கு (அளவு சரியா என்று பார்க்கத் தைத்து அனுப்பும் மாதிரி) இங்கிலாந்து பையர் எழுதிய கமெண்ட் இன்னும் நினைவிருக்கிறது: “இட்ஸ் க்வைட் நைஸ். பெர்ஹேப்ஸ் யூ குட் ஹேவ் அனதர் லுக் அட் தி நெக் ரிப்.” நல்லா இருக்குதுங்கறாரு, முடிஞ்சா கழுத்து ரிப்பை (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டி) ஒரு பார்வை பாக்கச் சொல்றாரு என்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த சாம்பிள் ரிஜெக்ட். மேசையில் போட்டு இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரிப் தைத்த இடத்தில் அலை அலையாக எழும்பி, கழுத்து பரந்து கிடந்தது. அவர் முதல் மெயிலிலேயே சொல்லிவிட்டார். ‘பெர்ஹேப்ஸ் யூ குட்’ என்றால் ‘இதை மாத்தியாகணும்’. பிரிட்டிஷ்காரர் ‘க்வைட் நைஸ்’ என்றால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ அளவுதான். அமெரிக்கர் அதையே சொன்னால் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்றிருக்கும். ‘எ பிட் கன்சர்ன்ட்’ (கொஞ்சம் கவலை) என்று வந்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது முடியாது என்று சொல்வது. நம் ஊரில் யார் முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்கிறோம்? “பாக்கலாங்க”, “பண்ணிரலாங்க” என்போம். அதில் எது ஆமாம், எது இல்லை என்று நமக்குள் தெரியும். அதை “வி வில் ட்ரை அவர் பெஸ்ட்” என்று எழுதினால் பையர் அதை ஆமாம் என்று குறித்துக்கொண்டு கப்பலில் இடம் போட்டுவிடுவார்.

2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. என் கையில் 3 ஆர்டர்கள், துணி எல்லாம் சாயம் போடாமல் வெள்ளையாக நிற்கிறது. மழுப்பி எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். கடைசியில் என் சீனியர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தார். “ஐ அம் அஃப்ரெய்ட் வி வோன்ட் பி ஏபிள் டு ஷிப் ஆன் தி அக்ரீட் டேட்.” ‘அஃப்ரெய்ட்’ என்றால் பயம் இல்லை இங்கே, ‘சொல்லவே சங்கடமா இருக்குதுங்க’ என்று அர்த்தம். அடுத்த வரியில் காரணம், கோர்ட் உத்தரவு என்று ஒளிக்காமல். அதற்கடுத்து “வாட் வி கேன் டூ இஸ்” என்று தொடங்கி, துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டால் எந்தத் தேதிக்குக் கொடுக்க முடியும் என்று. முடிவில் “ஐ அப்பாலஜைஸ் ஃபார் தி டிரபிள் திஸ் வில் காஸ் யூ.” பையர் சந்தோஷப்படவில்லை. ஆனால் 2 ஆர்டரைத் தேதி தள்ளி வைத்துக்கொண்டார், ஒன்றை மட்டும் ரத்து செய்துவிட்டார். அன்றைக்குத்தான் மரியாதை என்பதில் உள்ளதை உள்ளபடி நேரத்தில் சொல்வதும் சேர்த்தி என்று எனக்கு உறைத்தது.

வெளியில் புழங்குவதற்குப் பெரிய பட்டியல் வேண்டாம். காதில் விழாவிட்டால் நாம் “என்னங்க?” என்போம், அதை “வாட்?” என்று கேட்காமல் “சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?” என்று கேளுங்கள். ஒருவரைத் தாண்டிப் போகுமுன் “எக்ஸ்க்யூஸ் மீ”, இடித்துவிட்ட பிறகு “சாரி”. ஹோட்டலில் “ஐ வான்ட்” வேண்டாம், “குட் ஐ ஹேவ்” என்று தொடங்குங்கள். தண்ணீர் கொண்டுவந்து வைப்பவருக்குக்கூட அங்கே “தேங்க் யூ” சொல்வார்கள். நாம் தலையை ஆட்டிச் சிரித்தால் போதும் என்று வளர்ந்தவர்கள், வாயைத் திறந்து சொல்லப் பழக வேண்டும். கிளம்பும்போது ‘போறேன்’ என்று நம் வாயில் வராது, “போய்ட்டு வர்றேனுங்க” தான். அதற்காக “ஐ வில் கோ அண்ட் கம்” என்றால் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார்கள். “இட் வாஸ் நைஸ் மீட்டிங் யூ. ஐ’ல் பி இன் டச்” போதும்.

பேர் சொல்லிக் கூப்பிடுவது உங்களுக்கு நாக்கில் வராது, எனக்கும் வரவில்லை. அப்பா வயசுக்காரரை எப்படிப் பேரிட்டு அழைப்பது? ஆனால் வரிக்கு ஒரு ‘சார்’ போட்டால் அவர்தான் நெளிவார். அவர் மெயிலின் கீழே தன் பேரை எப்படிப் போடுகிறாரோ அப்படியே எழுதுங்கள். ‘மிஸ்டர்’ போட்டால் பின்னால் குடும்பப் பேர் வர வேண்டும், முதல் பேர் கூடாது.

துக்கம் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். எழவு வீட்டில் நாம் அதிகம் பேச மாட்டோம், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவோம். மெயிலில் கையைப் பிடிக்க முடியாதே. ஒரு பையரம்மாவின் தாயார் தவறிய செய்தி வந்தபோது நான் எழுதியது இவ்வளவுதான்: “ஐ வாஸ் வெரி சாரி டு ஹியர் அபௌட் யுவர் மதர். ப்ளீஸ் டோன்ட் வொரி அபௌட் தி சாம்பிள்ஸ். தே கேன் வெயிட்.” இந்த ‘சாரி’ மன்னிப்புக் கேட்பது இல்லை, வருத்தம். பத்து நாள் கழித்து அவர் வந்து முதலில் பதில் போட்டது அந்த மெயிலுக்குத்தான்.

பழகுவதற்கு நான் செய்தது: அனுப்பும் முன் மெயிலை வாய்விட்டுத் தமிழில் படித்துப் பார்ப்பேன். ‘அனுப்பு’ என்று கேட்டால் திருத்துவேன், ‘அனுப்புங்க’ என்று கேட்டால்தான் பட்டனை அமுக்குவேன். நாளைக்கு தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே போன் வந்து ஒன்றும் கேட்கவில்லையென்றால் பதறாதீர்கள். “ஐ அம் சாரி, இட்ஸ் ரதர் நாய்ஸி ஹியர். மே ஐ கால் யூ பேக் இன் ஃபைவ் மினிட்ஸ்?” என்று சொல்லிவிட்டு, ஃப்ளோரை விட்டு வெளியே வந்து, அந்த அஞ்சு நிமிஷத்துக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.