கல்யாண வீட்டில் கவுன்சிலரைப் பிடிக்கலாமா?

கேள்வி: சென்னையில் எங்கள் தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. ஞாயிறன்று ஒரு கல்யாண வரவேற்புக்குக் கவுன்சிலர் வருகிறார். அங்கேயே சொல்லலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் வெறும் வாயால் சொன்னால் ‘பாத்துக்கலாம்’ என்பார். அடுத்த கும்பிடு வந்ததும் மறந்துவிடுவார். முதலில் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைத்து, உங்கள் புகாருக்கான பதிவு எண்ணை வாங்குங்கள். அதோடு தெருப்பெயர், விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண், உங்கள் கைபேசி எண் மூன்றையும் அரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குப்பை, சாக்கடை என்று வேறெதையும் சேர்க்காதீர்கள்.

மேடையேறும்போது மறிக்க வேண்டாம். சாப்பிட்டுக் கைகழுவி, காருக்கு நடக்கும் அரை நிமிடம்தான் உங்களுடையது. தாளை அவர் உதவியாளரிடம் கொடுங்கள். கவுன்சிலர் பாக்கெட்டுக்குப் போனால் அது மொய்க்கவரோடு மொய்க்கவராகிவிடும். திங்கள் காலை அந்த உதவியாளருக்கே போன் போடுங்கள்.