ஓல்டீஸ் ஸ்டேஷனுக்கு என்ன வயது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். 1998-இல் வேலைக்காக இங்கே வந்தவன். வந்த புதிதில் வாங்கிய பழைய காரில் ரேடியோ மட்டும்தான் இருந்தது. ஆபீஸ் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நியூயார்க் பக்கத்தில் பழைய பாட்டு மட்டும் போடும் ஓல்டீஸ் ஸ்டேஷன் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பீட்டில்ஸ், சுப்ரீம்ஸ், அதற்கும் முந்தைய, பல குரல் சேர்ந்து பாடும் டூ-வாப் கோஷ்டிகள் என்று அமெரிக்கப் பாட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். இப்போது ரேடியோவைத் திருப்பினால் 80-களும் 90-களும்தான் வருகின்றன. போன வாரம், நான் விமானத்தை விட்டு இறங்கிய வருஷம் புதுப்பாட்டாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பழைய பாட்டு வரிசையில் போட்டார்கள். கார் கண்ணாடியில் என் தலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் 79 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "உன் பாட்டாவது வருகிறது. என் பாட்டைப் போட்டு இருபது வருஷம் ஆகிறது" என்றார். பழைய பாட்டு எப்போதும் பழைய பாட்டுதானே சார்? இதையெல்லாம் யார் உட்கார்ந்து மாற்றுகிறார்கள்? ரேடியோ கேட்பதே வயதானவர்கள்தான் என்கிறார்கள். அவர்களையே எதற்குத் துரத்த வேண்டும்?

கே.,
எடிசன்

அன்புள்ள கே.,

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கிய 1964-இல் அவருக்குப் பதினெட்டை ஒட்டி இருந்திருக்கும். 55-ஐத் தாண்டியது 2000-க்குப் பிறகு ஓரிரு வருஷத்தில். இருபது வருஷமாக என் பாட்டு வரவில்லை என்று அவர் சொல்வது வெறும் புலம்பல் இல்லை, கணக்கு சரியாகவே வருகிறது.

அங்கே வணிக வானொலிக்கு விளம்பரம் வாங்கித் தரும் ஏஜென்ஸிகள் பெரும்பாலும் 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களைத்தான் கேட்கின்றன. ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள் கேக்கை வெட்டியவுடன் ஒருவர் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார். அவர் ரேடியோ கேட்பதை நிறுத்தவில்லை, முன்பைவிட அதிகமாகக்கூடக் கேட்பார். ஆனால் அவர் காதுக்கு விலை குறைவு. வயதானவர்கள் எந்த பிராண்டை வாங்குவது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது என்பது விளம்பரக்காரர்களின் பழைய நம்பிக்கை. கார் வாங்குவதும், கப்பலில் உல்லாசப் பயணம் போவதும், வீட்டைப் புதுப்பிப்பதும் யார் என்று பார்த்தால் இது பாதி மூடநம்பிக்கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பணம் அந்த நம்பிக்கையின் வழியாகத்தான் வருகிறது.

ஆகவே ஓல்டீஸ் ஸ்டேஷன் என்பதை ஒரு காலத்துப் பாட்டைப் பாதுகாக்கும் இடமாக நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். அது ஐந்தாம் வகுப்பு வாத்தியார் மாதிரி. பிள்ளைகள் வருவார்கள், போவார்கள், வாத்தியார் ஐந்தாம் வகுப்பிலேயே நிற்பார். ஸ்டேஷன் நாற்பத்தைந்து வயதுக்காரர் பக்கத்தில் நிற்கிறது. அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கேட்ட பாட்டு எதுவோ, அதுதான் அந்த வருஷத்துப் பழைய பாட்டு. 1964-இல் பதினைந்து வயதாக இருந்தவருக்கு 2004-இல் 55. 1984-இல் பதினைந்தாக இருந்தவருக்கு 2024-இல் 55. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாட்டுக்கு நடந்தது இப்போது 80-களின் பாட்டுக்கு மெல்ல நடக்கிறது. நீங்கள் கேட்கும் 90-கள் அடுத்த வரிசை.

நீங்கள் கேட்டது எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை. நியூயார்க்கில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 101.1-இல் வரும் டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் 1972 ஜூலையில் ஓல்டீஸுக்கு மாறியது. அன்றைக்கு ராக் அண்ட் ரோலுக்கே வயது பதினேழு, பதினெட்டுதான். அதாவது அப்போது 'பழசு' என்று போட்ட பாட்டில் மிகப் பழையது, இன்று நமக்கு 2008-ஐ ஒட்டி வந்த பாட்டு எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. அடுத்த முப்பது வருஷம் ஸ்டேஷன் நன்றாகவே ஓடியது. 2005 ஜூன் 3, வெள்ளிக்கிழமை மாலை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது நின்றது. அதே அலைவரிசையில் 'ஜாக்' என்ற பெயரில் அறிவிப்பாளர்களே இல்லாமல், ஐபாடில் பாட்டு வரிசையைக் கலைத்துப் போட்ட மாதிரி பாட்டுகள் ஓட ஆரம்பித்தன. கேட்பவர்கள் கொதித்துப்போனார்கள். அன்றைய மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க், இனி அந்த ஸ்டேஷனைக் கேட்கவே மாட்டேன் என்று அச்சில் போட முடியாத ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னது செய்தியானது. 1964-இல் பதினைந்து வயதாக இருந்தவர் 55-ஐத் தொட்டது 2004 என்றேன் அல்லவா, ஸ்டேஷன் நின்றது அதற்கு அடுத்த வருஷம்.

ஜாக் எடுபடவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2007 ஜூலை 12 அன்று பழைய ஸ்டேஷன் திரும்பி வந்தது. ஜனங்கள் ஜெயித்துவிட்டதாகக் கொண்டாடினார்கள். ஆனால் திரும்பி வந்தது வேறு ஆள். 'ஓல்டீஸ்' என்ற சொல் போய் 'கிளாசிக் ஹிட்ஸ்' வந்துவிட்டது. 1964-க்கு முந்தைய பாட்டுகள் ஏறக்குறையக் காணாமல் போயிருந்தன. அப்புறம் வருஷா வருஷம் 60-களும் கரைந்தன. சத்தமாகச் செய்தால் மேயர் வரை கோபப்படுகிறார், சத்தம் போடாமல் வாரத்துக்கு இரண்டு பாட்டாக எடுத்துவிட்டால் யாரும் கேட்பதில்லை என்பதை ஸ்டேஷன்கள் அப்போது தெரிந்துகொண்டன என்று நினைக்கிறேன்.

யார் உட்கார்ந்து மாற்றுகிறார்கள் என்று கேட்டீர்கள். உண்மையிலேயே உட்கார வைத்துத்தான் மாற்றினார்கள். ஹோட்டல் ஹால் ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள். சாயங்காலம் நூறு பேர் வருவார்கள். எல்லாரும் ஸ்டேஷன் குறி வைக்கும் வயதில் இருப்பவர்கள், வந்து போனதற்குக் கொஞ்சம் பணம் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் மார்க் போடுகிற தாள், சில இடங்களில் திருகுகிற ஒரு சின்னக் கருவி. ஒலிபெருக்கியில் பாட்டு வரும். முழுப் பாட்டு இல்லை. கேட்டவுடன் "அட, இது அதுதானே" என்று சொல்ல வைக்கும் ஏழெட்டு விநாடித் துண்டு. ஹூக் என்பார்கள். உங்களுக்கு இது தெரியுமா, பிடிக்குமா, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதா? மார்க் போடுவதற்குள் அடுத்த துண்டு வந்துவிடும். இப்படி ஒரே மூச்சில் சில நூறு பாட்டுகள். நடுவில் டீ. பிற்பாடு இதையே வீட்டிலிருந்து கணினியில் செய்யும்படி ஆக்கிவிட்டார்கள், ஆனால் முறை அதேதான்.

அந்த ஹாலுக்குள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இடம் இல்லை. வாசலிலேயே வயது கேட்டு அனுப்பிவிடுவார்கள். அவருடைய பாட்டு தோற்றது என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கு ஓட்டுப் போட ஒருத்தரையும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பரீட்சையில் எனக்கு இருக்கும் குறை வேறு. கல்யாணப் பந்தியில் பாகற்காய் வைக்க மாட்டார்கள். பாகற்காய்க்கு உயிரை விடுகிறவர்கள் உண்டு. ஆனால் முகம் சுளிப்பவர்கள் அதைவிட அதிகம். அதனால் யாரும் முகம் சுளிக்காத உருளைக்கிழங்கு எல்லாக் கல்யாணத்திலும் வந்துவிடுகிறது. ஏழு விநாடித் தேர்விலும் இதேதான் நடக்கிறது. பத்துப் பேர் கண்கலங்கிக் கேட்கிற பாட்டு, முப்பது பேருக்குத் தெரியாத காரணத்தால் வெளியே போய்விடும். யாருக்கும் ஆட்சேபணை இல்லாத பாட்டு உள்ளே வரும். இருபது வெற்றிப்பாட்டு கொடுத்த ஒரு பாடகருக்குக் கடைசியில் மிஞ்சுவது இரண்டு. மொத்தத்தில் தேறுகிற சில நூறு பாட்டுகளைத்தான் மென்பொருள் கலைத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக்கூடாது, இரண்டு மெதுவான பாட்டு சேர்ந்து வரக்கூடாது, நேற்று காலை எட்டு மணிக்கு வந்தது இன்று எட்டு மணிக்கு வரக்கூடாது என்று அதற்கு விதிகள் உண்டு. நீங்கள் ஒரே நேரத்துக்குக் கார் எடுக்கிறவர் என்பதால் பட்டியல் எவ்வளவு சின்னது என்பது உங்களுக்கு உறைக்காமல் பார்த்துக்கொள்வது அந்தக் கடைசி விதிதான்.

2007 வாக்கில் இன்னொன்றும் சேர்ந்தது. அதுவரை கேட்பவர்கள் தாங்களே டைரியில் எழுதி அனுப்பியதை வைத்துத்தான் கணக்கெடுத்தார்கள். டைரியில் மனிதர்கள் தங்களுக்குப் பிடித்த ஸ்டேஷனை நாள் முழுக்கக் கேட்டதாக எழுதுவார்கள். ரேடியோ கேட்பவர்களைக் கணக்கெடுக்கும் ஆர்பிட்ரான் நிறுவனம் பேஜர் அளவில் ஒரு கருவியை அவர்கள் இடுப்பில் மாட்டிவிட்டது. ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காமல் கலந்திருக்கும் குறியீட்டை அது பிடித்துக்கொள்ளும். யார் எத்தனை நிமிஷம் கேட்டார்கள், எப்போது நகர்ந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துபோனது. தெரியாத பாட்டு வந்தால் கை டயலுக்குப் போகிறது என்று பயந்து, பட்டியலை இன்னும் இறுக்கினார்கள்.

விளம்பரம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பிபிசி ரேடியோ 2-இல் விளம்பரமே கிடையாது. ஆனாலும் அதன் பாட்டு வரிசை இளசாகிக்கொண்டே போகிறது என்று பிரிட்டனில் வயதானவர்கள் குறைப்படுகிறார்கள். அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் காலை நிகழ்ச்சி செய்த கென் புரூஸ் 2023-இல் கிளம்பி ஒரு தனியார் ஸ்டேஷனுக்குப் போனார். அதற்கு முன்பே, 2021 காதலர் தினத்தன்று, ரேடியோவில் பழம் தின்று கொட்டை போட்ட இரண்டு பேர் 'பூம் ரேடியோ' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த தலைமுறைக்கென்றே நடத்தப்படும் ஸ்டேஷன் அது. மற்றவர்கள் கீழே தள்ளிவிட்டவர்களைப் பொறுக்கிக்கொண்டாலே ஒரு ஸ்டேஷன் நடத்தலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மூளை.

இதற்கெல்லாம் சிக்காமல் தப்பிய பாட்டுகளும் உண்டு. 1969-இல் வந்த நீல் டைமண்டின் 'ஸ்வீட் கரோலைன்' இன்றும் பாஸ்டன் பேஸ்பால் மைதானத்தில் எட்டாவது இன்னிங்ஸில் ஒலிக்கிறது, கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடுகிறது. 1990-இல் பிறந்த பையனுக்கு அது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பாட்டு. ஹோட்டல் ஹாலில் அவன் அதற்கு முழு மார்க் போடுவான்.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் ஆர்ட் லபோ. ஓல்டீஸ் என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் என்று அவரைச் சொல்லலாம். 1950-களில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு டிரைவ்-இன் உணவகத்தில் மைக்கோடு உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்தினார். காரில் வந்த பையன்களும் பெண்களும் கேட்டது அன்றைய புதுப்பாட்டை மட்டும் இல்லை, மூன்று நாலு வருஷம் முந்தையதையும் கேட்டார்கள். அதைப் பார்த்து 1959-இல் 'ஓல்டீஸ் பட் குடீஸ்' என்று தொகுப்புத்தட்டு போட்டார். மூன்று நாலு வருஷம் போனாலே பழசு என்ற வயது அது!

லபோ பாட்டுகளுக்குப் பரீட்சை வைக்கவில்லை. நம் நேயர் விருப்பம் மாதிரிதான். தொலைபேசியில் யாராவது கூப்பிட்டு, இன்னாருக்காக இந்தப் பாட்டு என்பார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அவரை விடவே இல்லை. சிறையில் இருக்கும் கணவனுக்கு மனைவி பாட்டு கேட்பாள், மழலை மாறாத குழந்தை அப்பாவுக்குக் குட்நைட் சொல்லும், பின்னால் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய மெதுவான டூ-வாப் ஒன்று வரும். அந்தக் குழந்தைக்கு அது பழைய பாட்டு இல்லை, அப்பாவின் பாட்டு. 2022-இல் தன் 97-ஆவது வயதில் இறக்கும் வரை லபோ இதைச் செய்துகொண்டிருந்தார். ஹோட்டல் ஹாலில் எடுபடாத பாட்டுகள் அங்கே பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போய்க்கொண்டிருந்தன.

நம் ஊர் எஃப்.எம்.களில் 'இடைக்காலப் பாடல்கள்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எதற்கும் எதற்கும் இடையில் என்று நான் யோசிப்பதுண்டு. 'அன்னக்கிளி' 1976, 'ரோஜா' 1992. நடுவில் வந்ததால் இடைக்காலம். இன்று ரோஜாவுக்கே முப்பது தாண்டிவிட்டது, இருந்தாலும் இளையராஜா பாட்டைப் பழைய பாட்டு என்று சொல்ல அறிவிப்பாளருக்கு வாய் வருவதில்லை. சொன்னால் கேட்பவர்கள் கிழவர்கள் என்று ஆகிவிடுமே. அமெரிக்காவில் 'ஓல்டீஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கிளாசிக் ஹிட்ஸ்' என்று பூசி மெழுகியதும் இதே கூச்சத்தில்தான்.

சரி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிறேன். காசு கட்டும் செயற்கைக்கோள் வானொலி அவரிடம் இருந்தால் அவர் பாட்டு அங்கே இருக்கிறது. முன்பு 50-கள் ஐந்தாம் எண்ணிலும் 60-கள் ஆறாம் எண்ணிலும் வரும், நினைவில் நிற்கும். பிறகு 72, 73 என்று பின்னால் தள்ளிவிட்டார்கள். காசு கட்ட வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. 'கசின் புரூஸி' என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும். 60-களில் டபிள்யூஏபிசி 770 ஏ.எம்.மில் நியூயார்க்கையே ஆட்டிவைத்த புரூஸ் மாரோ. அந்த ஸ்டேஷன் 1982-இல் பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சுக்கு மாறியது. புரூஸி பிறகு டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம்முக்குப் போனார், 2005-இல் அங்கும் வேலை போயிற்று, செயற்கைக்கோள் வானொலியில் பதினைந்து வருஷம் ஓட்டினார். 2020-இல், 84 வயதில், அதே 770-க்குத் திரும்பி சனிக்கிழமை இரவுகளில் அதே பழைய பாட்டுகளைப் போட ஆரம்பித்தார். உங்கள் காரில் ஏ.எம். பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள், புதுக் கார்கள் சிலவற்றில் இல்லை. இல்லையென்றால் அவர் வீட்டுப் பரணில் நிச்சயம் ஒரு பழைய டிரான்ஸிஸ்டர் இருக்கும். எலக்ட்ரீஷியன், அவரே சரி செய்துகொள்வார்.