மிலேச்சர் என்போர் யார்?

கேள்வி: ‘மிலேச்சர்’ என்றால் நாகரிகமற்றவர் என்றுதான் பொருளா, ஐயா?

பதில்: அது பின்னாளில் ஏறிய பொருள். வடமொழி வினையடிகளைத் தொகுத்த தாதுபாடம், இச்சொல்லின் வேருக்குத் தெளிவின்றி ஒலித்தல் என்றே பொருள் கூறுகிறது. வேதச் சடங்குகளை விளக்கும் சதபத பிராமணம் என்ற நூலில் அசுரர்கள் ‘ஹேலவோ, ஹேலவோ’ என்று கூவித் தோற்கிறார்கள். ‘பகைவரே’ என விளிக்கும் ‘ஹே அரயோ’ என்பதையே அவர்கள் ரகரத்தை லகரமாக்கிச் சிதைத்துவிட்டனர் என்பது உரைகாரர் தரும் விளக்கம். அந்தணன் அவ்வாறு பேசலாகாது என்று அந்நூல் விதிக்க, இலக்கண அறிஞர் பதஞ்சலியோ இலக்கணம் கற்க வேண்டியதற்கு ஒரு காரணமாகவே இக்கதையை எடுத்துக்காட்டுகிறார். ஓர் எழுத்துப் பிழைக்குப் போரையே இழந்தார்கள் என்பது இலக்கண ஆசிரியர்களுக்கு உவப்பான கதைதான்.

கேள்வி: சிந்துவெளிக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: மெசபொத்தேமியக் களிமண் பலகைகள் குறிக்கும் ‘மெலுஹா’ சிந்துவெளியே என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. அப்பெயரே ‘மிலேச்ச’ ஆயிற்று என்று பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா கருதினார். பாலி மொழியின் ‘மிலக்க’ என்ற வடிவம் அதற்குத் துணை நிற்கிறது. எனினும் இடையே ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதால், இதைக் கருதுகோள் என்ற அளவிலேயே ஏற்கிறேன்.

கேள்வி: திராவிடரையும் இவ்வாறு அழைத்தார்களா?

பதில்: மனுநூலின் 10ஆம் அத்தியாயம், சடங்குகளைக் கைவிட்டதால் தாழ்ந்த சத்திரியர் என்று யவனர் (கிரேக்கர்), சகர், சீனரோடு திராவிடரையும் பட்டியலிடுகிறது. அடுத்த சுலோகமோ, நால்வருணத்துக்குப் புறம்பானவர் மிலேச்ச மொழி பேசினாலும் ஆரிய மொழி பேசினாலும் தஸ்யுக்களே, அதாவது பகைக் கூட்டத்தாரே, என்கிறது. மொழியை அளவுகோலாகக் கொண்டு பிறந்த சொல், இங்கே ஆரிய மொழி பேசினாலும் தாண்ட முடியாத ஒரு வேலிக்குள் வந்துவிடுகிறது.

கேள்வி: சங்க இலக்கியத்தில் இச்சொல் உண்டா?

பதில்: முல்லைப்பாட்டில் உண்டு. பாசறையில் அரசனின் பள்ளியறையைக் காப்பவர்களை, ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்’ என்கிறார் நப்பூதனார்: சட்டை அணிந்தவர்கள், வாய் பேசாமல் மெய்க்குறிப்பால் கருத்தை உணர்த்துபவர்கள். இங்கும் அவர்களின் அடையாளம் பேச்சை ஒட்டியதே. ஆனால் இழிவுக் குறிப்பு சிறிதும் இல்லை. மன்னன் உறங்கும்போது அருகில் நிற்கும் நம்பிக்கைக்கு உரியவர்களை யார் இழித்துப் பேசுவார்?

கேள்வி: வடமொழி நூல்கள் அனைத்தும் மிலேச்சரை இகழ்கின்றனவா?

பதில்: இல்லை. அரக்கு மாளிகைச் சூழ்ச்சியை விதுரர் தருமருக்கு மிலேச்ச மொழியிலேயே உணர்த்துகிறார். சோதிட அறிஞர் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதை என்ற நூலில், யவனர் மிலேச்சரே ஆயினும் சோதிட நூல் அவர்களிடம் நன்கு நிலைபெற்றிருப்பதால் முனிவர்களைப்போல் போற்றப்படுகிறார்கள் என்று எழுதுகிறார்.