ஜப்பானிய அரக்குப் பெட்டிகளில் பொன்னும் சிப்பியும் எவ்வாறு பதிகின்றன?

பழைய ஜப்பானிய அரக்குப் பெட்டிகளில் மின்னும் பொன் வெறும் வண்ணப்பூச்சா என்று கேட்டிருக்கிறீர்கள்; அது வெறும் வண்ணப்பூச்சு அன்று. நாம் அரக்கு என்று அழைப்பது பூச்சி தரும் பிசின், ஆனால் அங்கே பயன்படும் உருஷி ஒரு மரத்தின் பால். அது ஈரக் காற்றில்தான் நன்றாக இறுகும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அந்தப் பூச்சு காயுமுன் பொற்பொடியைத் தூவி உருவம் வரைவது மாக்கி-எ. பளபளக்கும் சிப்பியை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பதிப்பது ராதென்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஜப்பானிய ஓவியர் ஒகாத்தா கோரின் 18ஆம் நூற்றாண்டில் செய்ததும் இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பதுமான எழுதுபொருட் பெட்டியைத்தான் நான் காட்டுவேன்: கரிய பரப்பில் ஐரிஸ் மலர்கள் சிப்பியாலும், இலைகள் பொன்னாலும், ஊடே செல்லும் பாலத்தின் பலகைகள் ஈயத்தாலும் அமைந்திருக்கின்றன. ஈயத்தின் அந்த மங்கலே சிப்பியின் ஒளியை இவ்வளவு எடுப்பாகக் காட்டுகிறது.