நீர் வைத்த குழாயிலும் பட்டை வருகிறதா?

வணக்கம். மங்களூரிலிருந்து பெங்களூரு வரும் மலேரியா ரத்தப்பொட்டுத் தாள்களில் (காய்ந்த ரத்தத்துளி உள்ள தாள்) சைட்டோக்ரோம் பி (ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணு) நெஸ்டெட் பிசிஆர் (டிஎன்ஏவை இரண்டு சுற்றாகப் பெருக்கும் சோதனை) செய்கிறீர்கள், ஒட்டுண்ணி இல்லாத வெறும் நீர் வைத்த குழாயிலும் பட்டை (டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் கோடு) விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஒரு முடிவையும் மருத்துவருக்கு அனுப்பாதீர்கள்.

மலேரியா ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதி சுமார் 6,000 கார இணைகள்தான். ஆனால் ஒரு செல்லில் பல பத்துப் பிரதிகள் இருக்கும். மலேரியா பிசிஆரில் வழக்கமாகத் தேடும் 18எஸ் மரபணுவுக்கோ சில பிரதிகளே. உங்கள் சோதனையின் நுண்ணுணர்வு (மிகக் குறைந்த ஒட்டுண்ணியையும் கண்டுபிடிக்கும் திறன்) கூடுவது அதனால்தான். ஆனால் உங்களை மாட்டிவிட்டது அதுவல்ல, முதல் சுற்றுக் குழாயைத் திறக்கும் அந்த நொடி. அதில் கோடிக்கணக்கான பிரதிகள் தெறிக்கும்.

இரண்டு நீர்க்குழாய்கள் வையுங்கள்: ஒன்று முதல் சுற்றிலிருந்தே, மற்றது இரண்டாம் சுற்றில் மட்டும். இரண்டாவதிலும் பட்டை வந்தால் இரண்டாம் சுற்றுக் கலவையோ, பிப்பெட்டோ, அந்த மேசையோ கெட்டிருக்கிறது. முதலாவதில் மட்டும் வந்தால் முதல் சுற்றுக் கலவையையும், டிஎன்ஏ எடுத்த இடத்தையும், முதல் சுற்றுக் குழாய்களைத் திறந்த விதத்தையும் சந்தேகியுங்கள்.

பழைய நீர், பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ), டிஎன்டிபி (டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்) எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகச் சிறுசிறு பங்காகப் பிரியுங்கள். புதிதாகக் கரைத்த 10% பிளீச்சால் மேசையைத் துடைத்து, 10 நிமிடம் விட்டு, நீரால் துடையுங்கள். யுவி விளக்கை மட்டும் நம்பாதீர்கள், டிஎன்ஏவின் குட்டித் துண்டுகள் அதற்குத் தப்பும். முதல் சுற்றுக் குழாயைச் சுழற்றி இறக்கிய பிறகே, மின்விசிறியை நிறுத்தி, வேறு அறையில் திறவுங்கள். ஃபில்டர் டிப் (வடிகட்டி வைத்த பிப்பெட் முனை) கட்டாயம்.

பழைய பிரதிகளை அழிக்க இரண்டாம் சுற்றில் யுஎன்ஜி (யுராசில் உள்ள டிஎன்ஏவை அழிக்கும் நொதி) போடுவதாக இருந்தால் டியுடிபியை (புதுப் பிரதிகளில் யுராசிலைச் சேர்க்கும் பொருள்) இரண்டாம் சுற்றில் மட்டும் சேருங்கள். முதல் சுற்றிலும் சேர்த்தால் இரண்டாம் சுற்றுக்கு வார்ப்புருவாகும் முதல் சுற்றுப் பிரதிகளையே நொதி அழித்துவிடும்.