சிம்னி சர்வீஸ் பில் இல்லை, கிளெய்ம் கிடைக்குமா?

கேள்வி: திருச்சியில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது அடுப்புக்கு மேலே இருந்த எலக்ட்ரிக் சிம்னியில் தீப்பிடித்துவிட்டது. தீயணைப்பு வண்டி வந்துதான் அணைத்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் மேல் கப்போர்டுகள், ஃபால்ஸ் சீலிங், ஜன்னல் எல்லாம் போய்விட்டன. வீட்டுக் கடன் வாங்கியபோது, 2022-இல், எடுத்த வீட்டுக் காப்பீடு இருக்கிறது. நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர், 'இரண்டு வருட சிம்னி சர்வீஸ் ரெக்கார்டு கொடுங்கள்' என்கிறார். சிம்னியை நானேதான் கழுவி மாட்டுவேன். வெளி ஆள் ஒரே ஒருமுறை வந்தார், அவரும் பில் தரவில்லை. ரெக்கார்டு இல்லாவிட்டால் பணம் வராது என்கிறார் ஏஜென்ட். பழைய தேதியில் பில் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் அவருக்குத் தர வேண்டுமாம். கிளெய்ம் ஃபார்ம் இன்னும் கொடுக்கவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பத்து சதவீத ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், நானும் பல வருடம் சர்வேயராக வேலை பார்த்தவன். ஒரு வீட்டில் இதே போன்ற சமையலறைத் தீ. தீ உண்மை, நஷ்டம் உண்மை, வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவரும் யாரோ சொன்னதைக் கேட்டு நாலு சர்வீஸ் பில் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடத்துக்கு நாலு பில். வரிசையாக மேஜை மேல் வைத்துப் பார்த்தேன். பில் எண்கள் 41, 42, 43, 44. இரண்டு வருடத்தில் அந்தக் கடைக்காரருக்கு வேறு ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லையா? நாலிலும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். அதில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால், அந்த எண் பதிவான தேதியே முதல் பில்லுக்கு ஓராண்டு கழித்துத்தான். அந்தத் தளம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது, ஒரு நிமிட வேலை. நான் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. முழு கிளெய்மும் போயிற்று. சிம்னிக்கான பணம் மட்டுமல்ல, கப்போர்டு, சீலிங், பெயிண்ட், ஒன்றுமே கிடைக்கவில்லை. பொய்யான ஆவணம் கொடுத்தால் பாலிசியின் பலன் மொத்தமும் போய்விடும் என்று எல்லா பாலிசியிலும் எழுதியிருக்கிறது. பில்லே இல்லாமல் வந்திருந்தால் அவருக்குப் பெரும்பகுதி பணம் கிடைத்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சர்வீஸ் ரெக்கார்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் கிளெய்மை நிராகரிக்க முடியாது.

நீங்கள் 2022-இல் எடுத்தது பெரும்பாலும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியாகத்தான் இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றாக வேண்டிய பொது பாலிசி அது. பாலிசித் தாளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று அதில் ஒரு கடமை சொல்லப்பட்டிருக்கிறது. சர்வேயர் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த வரியைத்தான். ஆனால் பராமரிப்பது வேறு, அதற்கு பில் வைத்திருப்பது வேறு. நீங்களே கழற்றிக் கழுவி மாட்டியதும் பராமரிப்புதான். சிம்னியை இத்தனை மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி ஆளை வைத்து சர்வீஸ் செய்து பில் வாங்கி வைக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. பாலிசி விற்கும்போது வீட்டில் சிம்னி இருக்கிறதா என்று ஒருவராவது உங்களைக் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கேட்காததை, எரிந்த பிறகு வந்து கேட்கிறார்கள். இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

இதைத் தடுக்கத்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆவணம் இல்லை என்பதற்காக எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது, தேவையான ஆவணங்களை பாலிசி கொடுக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும், கிளெய்ம் நேரத்தில் அதற்குத் தொடர்புள்ள அவசியமானவற்றை மட்டும் கேட்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கிளெய்ம் ஃபார்ம், தீயணைப்புத் துறை அறிக்கை போன்றவை அந்த அவசியமானவை. சிம்னி சர்வீஸ் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஏஜென்ட் இதைப் படித்திருக்க மாட்டார். நீங்கள் எழுதும் கடிதத்தில் இந்தச் சுற்றறிக்கையை ஒரு வரி குறிப்பிட்டுவிடுங்கள், பேச்சின் தொனி மாறும்.

அஜாக்கிரதை என்று சொல்லிப் பணத்தை மறுத்துவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மனிதர்கள் கவனக்குறைவாக இருப்பார்கள் என்பதால்தான் தீக் காப்பீடே இருக்கிறது. நாமே வேண்டுமென்று கொளுத்தினோம் என்றால்தான் விவகாரம். கர்நாடகத்தில் விவசாயிகள் சரக்கு வைத்திருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்த வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றமும், காப்பீடு எடுத்தவரே தீ வைத்திருந்தால் தவிர நிறுவனம் தப்பிக்க முடியாது என்ற நிலையைத்தான் எடுத்தது. அப்பளம் பொரித்தவர் அந்த வகையில் வர மாட்டார்.

இப்போது மிக முக்கியமான விஷயம். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். எங்கே தீப்பிடித்தாலும் 'மின்கசிவு' என்று எழுதிவிடுவது நம் ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது. செய்தித்தாளில் அப்படித்தான் வருகிறது, அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், கிளெய்ம் ஃபார்மிலும் கை தானாக அதையே எழுதுகிறது. பாலிசியில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு மின்சாதனம் ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு, தானாகச் சூடேறுவது, அளவுக்கு மீறி ஓடுவது போன்றவற்றால் கெட்டுப்போனால் அந்தச் சாதனத்துக்குப் பணம் கிடையாது. ஆனால் அதே விலக்கின் கடைசியில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: இந்த விலக்கு அந்தக் குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டும்தான் பொருந்தும். முதல் பாதியை உரக்கப் படிப்பவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைப் படிப்பதே இல்லை.

இதை உங்கள் சமையலறையில் வைத்துப் பார்ப்போம். சிம்னியின் மோட்டாருக்குள் ஷார்ட் ஆகி அங்கிருந்து தீ கிளம்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சிம்னிக்குப் பணம் வராது. ஆனால் அந்தத் தீ பரவி எரித்த கப்போர்டு, சீலிங், ஜன்னல், பக்கத்தில் இருந்த மிக்ஸி, மைக்ரோவேவ் எல்லாவற்றுக்கும் வரும். மிக்ஸியும் மின்சாதனம்தானே என்று யாராவது சொன்னால், அது தனக்குள் ஷார்ட் ஆகிக் கெடவில்லை, வெளியிலிருந்து வந்த தீயில் எரிந்தது என்று பதில் சொல்லுங்கள். மாறாக, வாணலியிலிருந்து எழுந்த தீ ஃபில்டரில் படிந்திருந்த எண்ணெயைப் பற்றிக்கொண்டது என்றால், சிம்னியும் வெளித் தீயில் எரிந்த பொருள்தான். அதற்கும் பணம் உண்டு. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மின்னழுத்தம் ஏறி, தீயே இல்லாமல் டிவியும் ஃபிரிட்ஜும் செத்துப்போனால் இந்த பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. இடி இறங்கி சாதனம் உள்ளுக்குள் கருகினாலும் இதே விலக்குதான்.

அதனால் ஃபார்மில் காரணத்தை எழுதாதீர்கள், கண்ணால் கண்டதை எழுதுங்கள். 'எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, வாணலியில் தீ எழுந்தது, ஃபில்டர் பக்கம் பற்றியது, மெயினை அணைத்தேன், 101-ஐ அழைத்தோம்.' இப்படித்தான் நடந்தது என்றால் இப்படி எழுதுங்கள். மேலே மோட்டார் பக்கம் பொறி பறந்ததைப் பார்த்தீர்கள் என்றால் அதை எழுதுங்கள். இரண்டும் தெரியாது என்றால், 'சிம்னிப் பக்கம் தீ தெரிந்தது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சாதகமாக மாற்றி எழுதச் சொல்லவில்லை. தெரியாத காரணத்தைத் தெரிந்த மாதிரி எழுதி உங்கள் தலையில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம் என்கிறேன். தீயணைப்பு நிலைய அறிக்கையை வாங்கும்போதும் காரணம் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். நீங்கள் பார்த்ததற்கு மாறாக இருந்தால் அங்கேயே எழுத்தில் தெரிவியுங்கள்.

சர்வேயர் எதற்காக ரெக்கார்டு கேட்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். சிம்னிக்குள் ஏறும் எண்ணெய் ஆவி ஃபில்டரிலும் மேலே போகும் புகைக்குழாயிலும் படிந்து, நாளாக நாளாகப் பழுப்பு நிறத்தில் தேன் போல இறுகிவிடும். விரல் வைத்தால் ஒட்டும், நகத்தால் சுரண்டினால் மெழுகு போல வரும். கீழே வாணலியில் தீ எழுந்தால் அது எரிபொருளாகிவிடும். ஆட்டோ க்ளீன் பட்டன் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது உள்ளே மோட்டார் பக்கம் இருக்கும் எண்ணெயைச் சூடாக்கி உருக்கிக் கிண்ணத்தில் விழவைக்கும், அவ்வளவுதான். குழாயைத் தொடாது. சர்வேயருக்குத் தெரிய வேண்டியது இந்தப் படிவு எவ்வளவு இருந்தது என்பதுதான். பில் அதற்கு ஒரு வழி, ஒரே வழி அல்ல.

உங்களிடம் இருப்பதைத் தேடி எடுங்கள். ஒருமுறை வந்த ஆளுக்கு ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு போதும், தேதியும் தொகையும் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். அவரோடு பேசிய வாட்ஸ்அப், கால் பதிவு, கம்பெனியில் புகார் செய்தபோது வந்த குறுஞ்செய்தி, சிம்னி வாங்கிய பில், சமையலறையில் எடுத்த பழைய குடும்பப் போட்டோவில் பின்னால் தெரியும் சிம்னி, எல்லாமே சான்றுதான். இவற்றோடு ஒரு பக்கக் கடிதம்: எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவீர்கள், எதில் ஊறவைப்பீர்கள், கடைசியாக எப்போது கழுவினீர்கள். வெளி ஆளின் பில் இல்லை என்பதையும் அதிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். வெந்நீரும் சோடா மாவும் என்று ஒரு பெண்மணி கைப்பட எழுதிய கடிதத்தை நான் நம்பியிருக்கிறேன். பளபளவென்று வந்த ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) கார்டை நம்பாமல் இருந்திருக்கிறேன்.

கார்டு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இனிமேல் சர்வீஸுக்கு ஆள் கூப்பிடும்போது, இணையத்தில் தேடி முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அடிக்காதீர்கள். கம்பெனி பெயரைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் அங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வருவார், ஃபில்டரைத் துடைப்பார், மோட்டார் போய்விட்டது என்பார், கார்டில் வராத நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கிளெய்ம் என்று வரும்போது கம்பெனியில் விசாரித்தால், அப்படி ஒரு சர்வீஸே பதிவில் இல்லை என்பார்கள். பொய் சொன்னது அவர், மாட்டிக்கொள்வது நீங்கள். சிம்னியோடு வந்த கையேட்டிலோ வாரண்டி கார்டிலோ இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவருக்குப் பணம் தராதீர்கள்.

கிளெய்ம் ஃபார்முக்கு நஷ்டத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். மூன்று வாரம் போய்விட்டது, இந்த வாரமே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தோ மின்னஞ்சலோ வாங்கிவிடுங்கள். வீட்டுப் பொருள்களுக்கும் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத்தோடு பொருள்களும் சேர்ந்தே வரும், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். நீங்களாக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் இருக்காது. வங்கியில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்போம், அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

சர்வேயர் அறிக்கை தர 15 நாள், அது வந்தபின் நிறுவனம் முடிவு சொல்ல 7 நாள் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் இழுப்பார்கள். இழுத்தாலோ மறுத்தாலோ நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவரிடம், போகலாம். கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அங்கே வக்கீலோ ஏஜென்ட்டோ உங்களுக்காக வாதாட முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும். தமிழிலேயே பேசலாம். பத்து சதவீதம் கேட்கும் ஆளுக்கு அந்த அறையில் நாற்காலியே இல்லை.

கடைசியாக ஒரு வேலை. எரிந்த சிம்னியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் எல்லோரும் செய்வது அதுதான். ஃபில்டர், மோட்டார், குழாய்த் துண்டு, எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிப் பால்கனியில் வையுங்கள். தீ எங்கே தொடங்கியது என்று பிறகு கேள்வி எழுந்தால், மோட்டாரின் செம்புக் கம்பி உள்ளிருந்து கருகியிருக்கிறதா, வெளியிலிருந்து கருகியிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். பணம் கைக்கு வரும் வரை அந்தச் சாக்கு அங்கேயே இருக்கட்டும்.