வேலைப் பயணத்தில் டாங்கோ: தெரியாத ஊரில் யாரோடு ஆடுவது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். செம்பனை ஆலைகளைத் தணிக்கை செய்யும் வேலை. கோலாலம்பூரில் இருந்தபோது அர்ஜென்டினா டாங்கோ கற்றேன். இங்கே சேர்ந்து ஆட ஆளில்லை. அடுத்து ரோட்டர்டாம், அப்புறம் கொலம்பியா போகிறேன். போன பயணத்தில் தனியாக ஒரு மிலோங்காவுக்கு, அதாவது எல்லோரும் கூடி டாங்கோ ஆடும் இரவுக்கு, போய், இரவு முழுக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். இன்னும் நிறைய அடவுகள் கற்றிருக்க வேண்டுமோ?

பதில்: வேண்டாம், சகோதரி. நீங்கள் ஆடி அங்கே யாரும் பார்க்கவே இல்லையே, அப்புறம் அடவு குறைவு என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் கைநழுவிப் போவது கண்ணால் வரும் அழைப்புதான்.

மிலோங்காவில் பாட்டுகள் தொகுப்பு தொகுப்பாக வரும். ஒரு தொகுப்புக்குத் தாண்டா என்று பெயர். டாங்கோ என்றால் வழக்கமாக 4 பாட்டு, மூன்று தட்டுத் தாளத்தில் வரும் வால்ஸ் என்றால் 3. இரண்டு தாண்டாவுக்கு நடுவில் சம்பந்தமே இல்லாத வேறொரு இசை கொஞ்ச நேரம் ஒலிக்கும். அதுதான் கொர்த்தினா. எல்லோரும் களத்தை விட்டு இறங்கி நாற்காலிக்குத் திரும்புவார்கள். அடுத்த பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருங்கள். ஆட விரும்பும் ஆளின் முகத்தைப் பாருங்கள். அவர் பார்வையும் உங்களிடம் நின்றால் லேசாகத் தலையசைப்பார், நீங்களும் அசையுங்கள். உடனே எழுந்துவிடாதீர்கள். அவர் நடந்து வந்து உங்கள் முன்னால் நிற்கும்வரை பொறுங்கள். அந்தத் தலையசைப்பு பின்வரிசைப் பெண்ணுக்காகவும் இருக்கலாம்.

ஆம்பளை முகத்தை நேராகப் பார்க்காதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சத்தில் கைப்பேசிக்குள் குனிந்துவிட்டால், ஆட விருப்பமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். அங்கே அந்தப் பார்வைக்கு ஒரு தாண்டா ஆடலாம் என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், யார் மனமும் நோகாது. எவ்வளவு நெருங்கி ஆடுவது என்பதும் உங்கள் முடிவுதான். ஒருவர் அணைத்துப் பிடிக்கும் விதம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். தாண்டாவின் நடுவில் சொன்னால் ‘இத்தோடு போதும்’ என்று அவருக்குப் புரியும்.

எந்த ஊரானாலும் முதல் மாலையே ஓர் ஆசிரியரிடம் ஒரு மணி நேரத் தனி வகுப்பு எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பயணத்தில் இதைவிட நல்ல செலவு இல்லை. தெரிந்த முகம் ஒன்று கிடைக்கும். எந்த மிலோங்கா நல்லது, எங்கே உட்கார வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையில் ஆலைக்குப் போக வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டும் மிலோங்காவை விட்டுவிட்டுப் பிராக்டிகாவுக்குப் போங்கள். அது பயிற்சிக் கூட்டம், நடுவில் நிறுத்திப் பேசலாம். அறைக்குத் திரும்பி வர வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

களத்தில் ஜோடிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவார்கள், கோயிலில் நாம் வலம் வருவதற்கு நேர் எதிராக. அந்த வரிசையில் நீங்கள் பெரும்பாலும் பின்னோக்கித்தான் நடப்பீர்கள். அதனால் வீட்டில் பழக வேண்டியது பின்னோக்கி நடப்பதைத்தான். வரவேற்பறைத் தரையில் காலுறையோடு, இடுப்பிலிருந்து காலை நீட்டி, ஒவ்வோர் அடியிலும் பாரத்தை முழுசாக ஒரு காலுக்கு மாற்றுங்கள். டாங்கோ இசைக்குழுத் தலைவர்களில், தொடக்கத்துக்கு கார்லோஸ் டி சார்லியின் இசை பொருத்தம், அதில் நடக்க இடம் இருக்கும். டேரியென்சோ வேகம், புக்லியேசே திடீரென்று நிறுத்திக் காக்க வைப்பார். மூவரையும் காதால் அடையாளம் காணும் அளவுக்குக் கேளுங்கள். காணொளி பார்த்துத் தனியாக அடவு பழகுவதை நான் ஊக்குவிப்பதில்லை. துணையின் உடல் சொல்வதைக் கேட்கும் பழக்கம் அதில் வராது. மாதம் ஒருமுறையாவது கோலாலம்பூருக்கு ரயிலேறுங்கள்.

காலணி தோல் அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும். ரப்பர் தரையைக் கவ்விக்கொள்ளும், திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளும். அதைக் கைப்பையிலேயே எடுத்துப் போங்கள், பெட்டி தாமதமானாலும் ஆட்டம் நிற்காது.

கொலம்பியாவில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் மெதெயினுக்குப் போங்கள். டாங்கோவின் மாபெரும் பாடகர் கார்லோஸ் கார்டெல் 1935 ஜூன் 24 அன்று விமான விபத்தில் இறந்தது அங்கேதான். அந்த நகரம் இன்றும் டாங்கோவை விடவில்லை. மான்ரிக்கே வட்டாரத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. பகலில் அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு எங்கே மிலோங்கா என்று அங்கேயே விசாரியுங்கள்.